வன்னியில் கடை, கட்டடம், குத்தகைத் தொழில் பார்க்கும் பெண்களுக்கு ஒருநாள் சந்திப்பு நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வன்னியில், அதாவது இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில், இருபது முதல் முப்பது பேர் வரை வரும் ஒருநாள் சந்திப்புக்காக இதை எழுதுகிறேன். கடை வாடகைக்கு விடுபவர்கள், நெல்லுக்கு ஸ்டோர்ஸ் கட்டிக் குத்தகைக்குக் கொடுப்பவர்கள், மண்டபம் நடத்துபவர்கள், தரகு செய்பவர்கள், உறுதி எழுதும் நொத்தாரிசிடமும் நில அளவையாளரிடமும் வேலை செய்பவர்கள் எல்லாரும் இதற்குள் வருவார்கள். எல்லாரும் பெண்கள்.

நான் கிளிநொச்சியில், வெளிநாட்டில் இருக்கும் சில குடும்பங்களின் கடைகளுக்கு வாடகை சேர்த்து, திருத்தவேலை பார்த்து, மாதக் கணக்கு அனுப்புகிறவள். இப்படியான சந்திப்புகளை நடத்தியிருக்கிறேன், மற்றவர்கள் நடத்தும்போது பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன். தடுக்கி விழுபவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள். முதல் வேலையாக மண்டபம் பிடிக்கிறார்கள், பிறகு பிரதம விருந்தினர், பிறகு பதாகை. என்ன கதைக்கப்போகிறோம் என்பது கடைசியில் வருகிறது. ஒழுங்கைத் தலைகீழாக மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

1. மண்டபத்துக்கு முன் கேள்வி

எங்கள் முதலாவது சந்திப்புக்குப் பெரிய தலைப்பு ஒன்று வைத்தோம். மூன்று பேர் பேசினார்கள், எல்லாரும் கைதட்டினோம். மதியம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒரு அக்கா மெல்லக் கேட்டார்: “தங்கச்சி, வாடகைக்கு இருக்கிறவர் கடையின்ர அரைவாசியைத் தடுத்து இன்னொருத்தருக்கு விட்டிட்டார். நான் என்ன செய்யிறது?” காலையிலிருந்து அங்கே பேசப்பட்ட எதிலும் அதற்குப் பதில் இருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். திகதி குறிப்பதற்கு மூன்று கிழமைக்கு முன்பே பத்துப் பேருக்குப் போன் எடுத்து ஒரே விஷயத்தைக் கேட்பேன்: “இந்த மாதம் உங்களுக்குத் தலையிடி தந்த அலுவல் எது?” பதில்களைக் கொப்பியில் எழுதுவேன். மூன்று பேராவது ஒரே பிரச்சினையைச் சொன்னால் அதுதான் அன்றைய கேள்வி. ஒரு சந்திப்புக்கு ஒரு கேள்வி போதும். இரண்டு வைத்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் முடியும்.

தொடராக நடத்தப்போகிறீர்கள் என்றால் கேள்விகளின் ஒழுங்கும் முக்கியம். காணிப் பத்திரம் முதலில், குத்தகை எழுதுவது இரண்டாவது, அளவும் வாடகையும் மூன்றாவது, வங்கிக் கடன் கடைசி. கடன் என்றால் கூட்டம் வரும் என்று பலர் அதில் தொடங்குகிறார்கள். வந்தவர்களில் பலர் தங்கள் காணி அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்பதையும், அதை எல்லா நிறுவனமும் ஈடாக எடுக்காது என்பதையும் அங்கே வைத்துத்தான் அறிகிறார்கள். முகம் வாடிப்போய்விடும், அடுத்த முறை வரமாட்டார்கள்.

2. துறை கலந்து ஆள் சேருங்கள்

கடைக்காரப் பெண்களை மட்டும் கூப்பிட்டால் எல்லாரிடமும் அதே கேள்விதான் இருக்கும், பதில் யாரிடமும் இருக்காது. அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய க்ரூ நெட்வொர்க் என்ற வணிகக் கட்டடத் துறைப் பெண்களின் அமைப்பு தரகர், சட்டத்தரணி, கடன் கொடுப்பவர், கட்டடக்கலைஞர் என்று துறை கலந்தே உறுப்பினர்களை வைத்திருக்கிறது. அவர்களுடைய ஹோட்டல் விருந்தும் மேடையும் எங்களுக்குச் சரிவராது. ஆனால் இந்த ஒரு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இருபத்தைந்து பேர் என்றால் எங்கள் கணக்கு இப்படி: கட்டடச் சொந்தக்காரர்களும் பார்த்துக்கொள்பவர்களும் பன்னிரண்டு, வாடகைக்கு இருந்து தொழில் செய்பவர்கள் ஐந்து, நொத்தாரிசோ அவரிடம் எழுதுபவரோ இரண்டு, நில அளவை தெரிந்த ஒருவர், வங்கியில் கடன் பிரிவில் இருக்கும் ஒருவர், மிச்சம் தரகரும் புதிதாகத் தொடங்குபவர்களும். வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். சொந்தக்காரர் மட்டும் கூடினால் அது குறை சொல்லும் இடமாகிவிடும்.

பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தர் வேண்டுமென்றால் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கேளுங்கள். இரண்டு கிழமைக்கு முன் கடிதம் போகட்டும், கேள்வியையும் அதில் எழுதுங்கள். வாயால் கேட்டால் “வாறன்” என்பார்கள். அன்று வேறு கூட்டம் வந்துவிடும்.

3. நாள் பார்ப்பது

வன்னியில் நாள் பார்ப்பது பஞ்சாங்கத்தோடு மட்டும் முடியாது, வயலையும் மழையையும் பார்க்க வேண்டும். ஒக்ரோபரில் காலபோக நெல் விதைப்பு, தொடர்ந்து டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. தை பிற்பகுதியிலிருந்து அறுவடை. ஸ்டோர்ஸ் வைத்திருப்பவர்களும் மில்காரரும் அப்போது தலைநிமிரமாட்டார்கள். எங்களுக்குச் சரிவருவது சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து செப்ரெம்பர் வரை. அதற்குள்ளும் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, ஊர்க் கோயில் கொடியேற்றம் எல்லாவற்றையும் தள்ளிப் பாருங்கள்.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ரியூசன். வேலைநாளில் வங்கிக்காரரும் நொத்தாரிசும் வரமுடியாது. நாங்கள் கண்ட நல்ல நாள் போயா, மாதாமாதம் வரும் பௌர்ணமி விடுமுறை. வங்கியும் கந்தோரும் பூட்டு, ஆனால் பஸ் ஓடும். ஒரேயொரு போயா மட்டும் வேண்டாம்: சித்திராப் பூரணை. தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள் அது. அன்றைக்குக் கூட்டம் வைத்துவிட்டு ஏன் ஆள் வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு சகோதரியை எனக்குத் தெரியும்.

4. இடம்: பஸ் எங்கே சந்திக்கிறதோ அங்கே

வவுனியாவில் வைத்தால் முல்லைத்தீவுக்காரர் வரமாட்டார்கள், முல்லைத்தீவில் வைத்தால் வவுனியாக்காரர் வரமாட்டார்கள். மாங்குளம் சந்தி இதற்குச் சரியான இடம். ஏ9 வீதியில் இருக்கிறது, முல்லைத்தீவு வீதி அங்கேதான் பிரிகிறது, மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்து வீதியும் அங்கே வந்து சேர்கிறது. வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்குள், கிளிநொச்சி அதைவிடக் கிட்ட. மன்னார்ப் பக்கத்தவர்களுக்குத்தான் சுற்று. அவர்களுக்கு வருடத்தில் ஒரு சந்திப்பை வவுனியாவில் வையுங்கள்.

ஹோட்டல் தேவையில்லை. பொதுநோக்கு மண்டபமோ மாதர் சங்கக் கட்டடமோ போதும். முற்பணம் கொடுப்பதற்கு முன் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை: மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, பிள்ளைகளை வைத்திருக்க ஒரு பக்க அறை இருக்கிறதா. மின்விசிறியும் மைக்கும் இவற்றுக்குப் பிறகுதான். தாழ்ப்பாள் இல்லாத ஒரு மண்டபத்தில் மத்தியானத்துக்குப் பிறகு பாதிப் பேர் போய்விட்டார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

தொடக்கம் காலை 9.30, முடிவு பிற்பகல் 2.30. உள்ளூர்ப் பக்கங்களுக்குப் பின்னேரப் பஸ் குறைவு. 2.30 என்று சொல்லிவிட்டு 3.30 வரை இழுத்தால், கடைசி ஒரு மணித்தியாலம் எல்லார் கண்ணும் மணிக்கூட்டில்தான் இருக்கும்.

5. அழைப்பு: கையில் ஒரு கடதாசியோடு வரச் சொல்லுங்கள்

அச்சடித்த அழைப்பிதழ் வீண்செலவு. போனில் கூப்பிட்டுவிட்டு, வட்ஸ்அப்பில் நாள், இடம், பஸ் நேரம், கேள்வி நான்கையும் அனுப்புங்கள். அதோடு ஒரு வேண்டுகோள்: அன்றைய கேள்வியோடு தொடர்புள்ள உங்கள் பத்திரம் ஒன்றின் போட்டோகொப்பி கொண்டுவாருங்கள். குத்தகை உடன்படிக்கையோ, காணி உறுதியோ, பெர்மிட்டோ, தனக்காக அலுவல் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக்கொடுக்கும் அற்றோணித் தத்துவமோ எதுவென்றாலும் சரி. பெயர், உறுதி இலக்கம், காணித்துண்டு இலக்கம் எல்லாவற்றையும் கறுப்பு மார்க்கரால் மறைத்த பிறகு இன்னொரு முறை கொப்பி எடுக்க வேண்டும். ஒருமுறை மறைத்தது வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு சந்திப்பில் ஒருவர் மறைக்காத உறுதியை மேசையில் விரித்தார். அன்று பின்னேரமே அவருடைய கூட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு தரகர் போன் எடுத்து விலை பேசியிருக்கிறார். எங்கள் மேசையிலிருந்து போன கதைதான். அந்த அக்கா பிறகு வரவேயில்லை.

6. மேசையும் அட்டையும்

கதிரைகளை வரிசையாகப் போடாதீர்கள். மேசைக்கு ஐந்து பேர். ஒரே ஊர்க்காரரை ஒரே மேசையில் இருத்த வேண்டாம், அவர்கள் ஒன்றில் சொந்தக்காரர், இல்லாவிட்டால் போட்டிக்காரர். இரண்டிலும் வாய் திறக்காது. ஒவ்வொரு மேசையிலும் பத்திரம் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது இருக்கட்டும்.

வாசலிலேயே ஆளுக்கொரு அட்டை கொடுங்கள். பெயர், ஊர், அப்புறம் இரண்டு வரி: “என்னிடம் இருப்பது”, “நான் தேடுவது”. முதலில் எல்லாரும் “கடை இருக்கு” என்று எழுதுவார்கள். அதைத் திருப்பிக் கொடுத்து, “பரந்தன் சந்தியடி, கீழ்த்தளம், 400 சதுர அடி, மூன்று பேஸ் கரண்ட் இருக்கு” என்பதுபோல எழுதச் சொல்லுங்கள். அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு தேத்தண்ணிக்குப் போனால் அறிமுகம் தானாக நடக்கும். எழுந்து நின்று வரிசையாகத் தன்னை அறிமுகப்படுத்துவது இருபத்தைந்து பேருக்கு ஒரு மணித்தியாலத்தைத் தின்றுவிடும்.

விளக்கேற்றுவது ஐந்து நிமிடம். மாலை, பொன்னாடை இல்லை. கோபிப்பவர்கள் இருப்பார்கள். சமாளியுங்கள்.

7. காலை வேலை: நாடாவை எடுத்து அளக்க வையுங்கள்

பேச்சோடு தொடங்கினால் பேச்சோடுதான் முடியும். கையால் ஒரு வேலையோடு தொடங்குங்கள். நாங்கள் வைப்பது அளவு. இரண்டு குழுவிடம் அளவு நாடா கொடுத்து, இருக்கும் மண்டபத்தில் ஒரு அறையின் சதுர அடியைக் கேட்போம்.

ஒருமுறை ஒரு குழு 600 என்றது, மற்றது 651 என்றது. இரண்டும் சரி. முதல் குழு உள்சுவருக்கு உள்சுவர் அளந்தது: 20 அடிக்கு 30 அடி. மற்றது வெளியே போய் அளந்தது. ஆறு அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் சேர, 21க்கு 31. வித்தியாசம் 51 சதுர அடி. சதுர அடிக்கு 50 ரூபா என்று வைத்துப் பாருங்கள், மாதம் 2,550 ரூபா, வருடத்துக்கு 30,600. வாடகை பேசும்போது எந்த அளவு என்று கேட்காமல் கையெழுத்து வைத்தவர்கள் அப்போது ஆளை ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

காணி அளவையும் இதோடு முடித்துவிடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பேசுபவர் பரப்பில் சொல்வார், இங்கே ஏக்கரும் பேர்ச்சும். ஒரு ஏக்கர் 160 பேர்ச். தோட்டக்காணிப் பரப்பு என்றால் 10 பேர்ச், ஆகவே 16 பரப்பு ஒரு ஏக்கர். போனில் வெளிநாட்டுச் சொந்தக்காரரோடு கதைக்கும்போது இந்தக் குழப்பம்தான் அதிகம்.

8. வாடகைத் துண்டு

வாடகை எவ்வளவு என்று நேரே கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் கூட்டியோ குறைத்தோதான் சொல்வார்கள். அதனால் ஆளுக்கொரு சிறு துண்டு கொடுத்து, பெயர் எழுதாமல் ஐந்து விஷயம் மட்டும் எழுதி ஒரு பனையோலைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்: எந்த ஊர், பிரதான வீதியா உள்வீதியா, உள்ளளவு சதுர அடி, மாத வாடகை, முற்பணம் எத்தனை மாதம்.

பிறகு ஒருவர் வாசிக்க இன்னொருவர் பலகையில் எழுதட்டும். துண்டுகளை அங்கேயே கிழித்துப் போடுங்கள், எல்லாரும் பார்க்கக் கிழிக்க வேண்டும். ஒரு ஊரிலிருந்து ஒரே ஒரு துண்டு வந்தால் அதை வாசிக்கவேண்டாம், யாருடையது என்று தெரிந்துவிடும்.

இந்த அரை மணித்தியாலத்துக்காகவே வருபவர்கள் இருக்கிறார்கள். தரகர் சொல்லும் விலையைத் தவிர வேறு ஒப்பீடு எங்களிடம் இல்லாததுதான் காரணம்.

9. பத்திர மேசை

நாளின் நடுப்பகுதியை முழுவதும் இதற்குக் கொடுங்கள். ஒருவர் மேடையில் விளக்குவதைவிட, மேசைமேசையாக ஆளுக்கொரு கொப்பியைப் பென்சிலோடு வாசிப்பது நல்லது. நொத்தாரிசு ஒவ்வொரு மேசைக்கும் இருபது நிமிடம் வந்து இருக்கட்டும். திரும்பத் திரும்ப வருபவை நான்கு.

முதலாவது, முத்திரைக் கடதாசியில் எழுதிய வாடகை உடன்படிக்கை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இரண்டு வருடம் என்று தாங்களே எழுதிக் கையெழுத்து வைத்த கடதாசியைப் பிளாஸ்ரிக் உறையில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் இருப்பார்கள். உள்வாடகைக்கு விடக்கூடாது என்ற வரி அதில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். சாப்பாட்டு வரிசை அக்காவின் கடதாசியில் அந்த வரி இருக்கவில்லை.

இரண்டாவது, பெர்மிட் காணியில் கட்டிய கடை. குடியேற்றத் திட்டக் காணிகள் நிறைந்த கிளிநொச்சி, முல்லைத்தீவில் இது சாதாரணம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த காணியை அனுமதியில்லாமல் விற்பதும் குத்தகைக்கு விடுவதும் சட்டத்தின் முன் நிற்காது. கட்டடம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் சரி. இதற்குப் பதில் சொல்லவேண்டியவர் காணி உத்தியோகத்தர். நொத்தாரிசிடம் கேட்பதற்கு முன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்கப் பழக்குங்கள்.

மூன்றாவது, வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பிய அற்றோணித் தத்துவம். வாடகை சேர்க்க மட்டும் அதிகாரம் கொடுத்த பத்திரத்தை வைத்துக்கொண்டு ஐந்து வருடக் குத்தகைக்குக் கையெழுத்து வைத்தவர்கள் உண்டு. என்னென்ன செய்யலாம் என்ற பந்தியை ஒவ்வொரு சொல்லாக வாசிக்க வையுங்கள். பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காவதுதான் கவனமாகக் கையாள வேண்டியது. தேசவழமை என்ற வடபகுதித் தமிழரின் வழக்குச் சட்டத்துக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் சீதனமோ முதுசமோ ஆன காணியையும் கணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல், தான் உயிரோடிருக்கும்போது கைமாற்ற முடியாது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சம்மதம் பெறமுடியாத நிலையில் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

ஒரே மண்டபத்தில் எல்லாருக்கும் இது பொருந்தாது. முஸ்லிம் சகோதரிகளுக்குப் பொருந்தாது. மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களுக்குப் பொருந்துமா என்பது தனியாகக் கேட்கவேண்டிய கேள்வி. ஆகவே “பெண்கள் எல்லாரும்” என்று தொடங்கும் விளக்கத்தை நிறுத்துங்கள்.

இன்னொன்று. கணவர் எங்கே என்று எல்லார் முன்னாலும் கேட்கக்கூடாது. எங்கள் ஊர்களில் அந்தக் கேள்விக்கு எத்தனை பேரிடம் பதில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பக்க அறையில் ஒரு தனி மேசை போட்டு, நொத்தாரிசு அங்கே அரை மணித்தியாலம் இருப்பார் என்று பொதுவாக மட்டும் அறிவியுங்கள். யார் போகிறார் என்று பார்க்காதபடி, அந்த அறை தேத்தண்ணி வைத்திருக்கும் பக்கமாக இருந்தால் நல்லது.

10. சாப்பாடு, பிள்ளைகள், காசு

இலவசம் வேண்டாம். நாங்கள் ஆளுக்கு 500 ரூபா வாங்குகிறோம், அது சோற்றுப் பார்சலுக்கும் தேத்தண்ணிக்கும் வடைக்கும். காசு கொடுத்தவர் வருவார். முடியாதவர்களுக்கு இரண்டு இடம் சொல்லாமல் ஒதுக்கிவிடுங்கள். வங்கியோ கட்டடப் பொருள் கடையோ செலவைப் பொறுப்பெடுக்கிறோம் என்றால், மேடையில் அவர்களுக்கு நேரம் கொடுப்பதில்லை என்று முதலே சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்க ஊரில் ஒரு தங்கச்சிக்குச் சம்பளம் கொடுத்து வையுங்கள். கூட்டிவரும் ஆண்களுக்கு வெளியே நிழலில் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுங்கள். உள்ளே இடமில்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

11. முடிந்த பிறகு இரண்டு நாள்

கலையும்முன் ஆட்களைச் சோடி சேருங்கள். ஒரு சோடியில் ஒருவருக்குக் கேள்வி இருக்கட்டும், மற்றவருக்கு அந்த வேலை தெரிந்திருக்கட்டும். ஒரு மாதத்துக்குள் ஒருமுறை மற்றவரின் கடைக்கோ கட்டடத்துக்கோ போய்ப் பார்க்க வேண்டும் என்பதே நிபந்தனை. முப்பது பேரின் இலக்கத்தைப் போனில் போட்டுக்கொண்டு போவதைவிட, ஒருவரின் வீட்டுப் படலை தெரிந்திருப்பது உதவும்.

அன்று இரவே செலவுக் கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். அடுத்த நாள் வாடகைப் பலகையின் படம், அதோடு பதில் கிடைக்காத கேள்விகளின் பட்டியல். வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படமும் காணி விற்பனை விளம்பரமும் கூடாது, “தேடுகிறேன்”, “இருக்கிறது” என்ற இரண்டு வகைச் செய்தி மட்டும். முதல் கிழமையிலேயே யாராவது மீறுவார்கள். தனியாகப் போன் எடுத்துச் சொல்லுங்கள், குழுவில் வைத்துச் சொல்லாதீர்கள்.

சாப்பாட்டு வரிசை அக்காவை ஒட்டுசுட்டானில் நொத்தாரிசிடம் எழுதும் ஒரு பிள்ளையோடு சோடி சேர்த்தோம். அவர்கள் இருவரும் கடைக்குப் போய், பலகைத் தடுப்பை அளந்து, புதிதாக எழுதவேண்டிய குத்தகைக்கு ஒரு வரைவும் எடுத்துக்கொண்டு அடுத்த சந்திப்புக்கு வந்தார்கள். அந்த வரைவின் இலக்கமெல்லாம் மறைத்த கொப்பிதான் அன்றைக்கு எல்லா மேசையிலும் இருந்தது.